ஏழாம் எண் ஆட்டின் முதுகு

கண்ணு,

நீ அனுப்பிய, உன் ஆய்வு நிலையத்தின் அறிமுகத் தாள் வந்து சேர்ந்தது. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் எதையும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. நீ "சரிப்பா" என்றதும் இவ்வளவு போதும் என்று தோன்றிவிடும். அதனால் எழுதுகிறேன். எழுதும்போதும் நடுவில் பயந்து வேறு பேச்சுக்குப் போய்விடுவேன் என்பதால், சொல்ல வேண்டியவற்றுக்கு முதலிலேயே எண் போட்டு வைக்கிறேன். எதையாவது விட்டிருந்தால் நீ கேட்கலாம்.

1. அந்தத் தாளிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. யாராவது காரணம் கேட்டால், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். அது போதும்.
2. ஆடுகளின் தினசரிப் படிவத்தில் என்ன இருக்க வேண்டும்.
3. கொட்டகையில் வேலை பார்ப்பவர் சொல்வதை யார், எப்படி எழுதுவது.
4. சடையண்ணன் ஏன் வேலையை விட்டுப் போனார். நீ கேட்டபோது நான் சொன்ன காரணம் உண்மை இல்லை.
5. உன்னுடைய ஐந்தாவது அவரைச் செடி.

உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நம்பர் போட்டு எழுதறீங்க? புள்ளைக்குக் கேள்வித்தாளா அனுப்பறீங்க?" என்றாள். பெயரை எடுக்கச் சொல்லப் போகிறேன் என்றேன். "பேரப் போட்டாப் போட்டுட்டுப் போகட்டும். நீங்க என்ன ஓட்டா கேக்கப் போறீங்க?" என்று சொல்லிவிட்டு மரவள்ளிக் கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். அவளுக்கும் நான் இதுவரை எதுவும் சொன்னதில்லை. இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுப்பேன்.

அந்தத் தாளில் என்னைப் பற்றி இரண்டு வரி எழுதியிருக்கிறாய். முதுநிலை ஆலோசகர், கால்நடை மருத்துவர், முப்பது ஆண்டுகள் சோதனைக் கூடத்தில் பணியாற்றியவர், அவர் கையெழுத்திட்ட ஓர் அறிக்கைகூடத் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்ததில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் அறிக்கையை யார் திருப்பி அனுப்பப் போகிறார்கள்? மனித உடம்புக்குள் போகப்போகும் திருகு, தகடு, குழாய், தையல் நூல் எதுவானாலும், முதலில் ஆட்டிலோ முயலிலோ பொருத்திப் பார்த்து உள்ளதைச் சொல்லும் நிலையம் ஒன்றைச் சேந்தமங்கலத்தில், உன் அம்மா வழி நிலத்தில் தொடங்குகிறேன் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு, உன் முதல் வேலையே முதுகெலும்புக்கான ஒரு தகடு என்றாய். "உங்க பேரைப் பாத்துத்தான்ப்பா ஒத்துக்கிட்டாங்க" என்றும் சொன்னாய். அதனால் நான்காவதை முதலில் சொல்கிறேன். மற்றவை எல்லாம் அதன் பின்னால் வருபவை.

நான் வேலை பார்த்த கூடமும் நீ தொடங்கும் வேலையைத்தான் செய்தது. கொட்டகையில் ஆடுகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றபோது, சடையண்ணனை நான் பிறந்த மலையிலிருந்து நான்தான் அழைத்துப் போனேன். நம் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிட எட்டு வயது மூத்தவர். உனக்கு அவர் சடைப் பெரியப்பா. ஊருக்குப் போய்வரும்போதெல்லாம் உனக்கு மலை வாழைப்பழம் கொண்டுவருவார். ஆடு அசைபோடுவதைத் தூரத்திலிருந்து பார்த்தே எதற்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவார். நான் காய்ச்சல்மானியை எடுத்துக்கொண்டு போய், அவர் சொன்னது சரிதான் என்று கண்டுபிடிப்பேன்.

நீ வெளியூரில் வளர்ந்தவள், ஊர்த் திருவிழா நோம்பிக்கு வந்தபோது ஓரிரு முறை பார்த்திருப்பாய். கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாயின் தலையிலும் முதுகிலும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். அது உடம்பை உலுக்கிச் சிலிர்த்தால்தான் சம்மதம் என்று பொருள். சிலிர்க்காத கிடாயை வெட்டமாட்டார்கள். மறுபடி ஊற்றுவார்கள், காத்திருப்பார்கள், பூசாரி அதனிடம் கெஞ்சுவார். சடையண்ணன் இந்த வழக்கத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஆய்வு முடியும் நாளில் ஆடுகளுக்கு ஊசி போட்டு வலியில்லாமல் முடித்து, கருவி இருந்த இடத்தை எடுத்துப் பார்ப்போம் அல்லவா? அந்தக் காலையில், யாரும் வருவதற்கு முன்னால், ஒரு பிளாஸ்டிக் சொம்பில் மஞ்சளைக் கரைத்துக் கொண்டுவந்து ஒவ்வோர் ஆட்டின் மேலும் ஊற்றுவார். ஆய்வுத் திட்டத்தில் எழுதப்படாத எதையும் விலங்குக்குச் செய்யக்கூடாது என்பது விதி. முதல் முறை பார்த்தபோது நான், "அண்ணே, இதெல்லாம் இங்க வேண்டாம்ண்ணே. யாராச்சும் பாத்தா வம்பு" என்றேன்.

"கோயில்ல வெட்டறதுக்கே கேட்டுட்டுத்தான வெட்டறம். இங்க எதுக்குச் சாகறம்னு அதுக்கு ஒண்ணுந் தெரியாது. கேக்காம எப்பிடிங்க டாக்டரு?" என்றார்.

மற்றவர்கள் வருவதற்குள் துண்டால் துடைத்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதாவது, தடுக்கவும் இல்லை, பொறுப்பேற்கவும் இல்லை. என் வேலை முழுவதுமே அந்த மாதிரிதான் நடந்தது.

சடையண்ணனின் கடைசி ஆய்வில் எட்டு ஆடுகள். ஒவ்வொன்றுக்கும் முதுகின் நடுவில் நான்கு திருகுகளோடு ஒரு தகடு. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே சடையண்ணன் என்னைக் கூப்பிட்டு, "ஏழாம் நம்பரோட பின்னங்கால் நகத்தைப் பாருங்க, நுனி தேயுது. இழுத்து வெச்சு நடக்குது" என்றார். பார்த்தேன். இழுப்பது நன்றாக உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நகம் தேய்ந்திருந்தது உண்மை. படிவத்தில் இரண்டு கட்டங்கள்தான் இருந்தன: நடக்கிறது, நடக்கவில்லை. நடக்கிறது என்பதில் குறியிட்டேன்.

கடைசி நாள் காலை நான் கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். முதல் ஆறு ஆடுகளும் ஒழுங்காகச் சிலிர்த்தன. என் பேண்டிலெல்லாம் மஞ்சள் தெறித்தது. ஏழாவது ஆடு தலையை உலுக்கியது. காது படபடத்தது. கழுத்துத் தோல் சிலிர்த்தது. அந்தச் சிலிர்ப்பு முதுகின் மேல் அலைபோல ஓடிவந்து, தகடு இருந்த இடத்துக்கு அருகே வந்ததும் நின்றுவிட்டது. யாரோ கோடு போட்டு நிறுத்தியதைப் போல. அதற்குப் பின்னால் தண்ணீர் சும்மா வழிந்து இறங்கியது. சடையண்ணன் இரண்டாம் முறை ஊற்றினார், மூன்றாம் முறையும் ஊற்றினார். மூன்று முறையும் அதே இடத்தில் நின்றது.

"பாதி ஆடுதானுங்க சரீங்குது" என்றார். "பொறத்தால இருக்கற பாதி ஒண்ணுமே சொல்லல. இத இன்னிக்கு வேண்டாமுங்க டாக்டரு."

கால்நடை மருத்துவம் படித்த எவருக்கும் அதன் பொருள் தெரியும், கண்ணு. முதுகுத் தோலைக் கிள்ளினால் அது சிலிர்க்க வேண்டும். சிலிர்ப்பு எங்கே நிற்கிறதோ அதற்கு அருகில் தண்டுவடத்தில் அடி விழுந்திருக்கலாம். கல்லூரியில் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ சொல்லிக்கொடுத்த பரிசோதனை. ஒரு மஞ்சள் தண்ணீர் வழக்கத்தை எப்படி அறிக்கையில் எழுதுவது, சிரிக்கமாட்டார்களா, அண்ணனுக்கு வேலை போய்விடாதா என்று பல வருஷங்கள் எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதத் தேவையே இருந்திருக்காது. இடுக்கியை எடுத்து முதுகு நெடுகக் கிள்ளிப் பார்த்து, கண்டதை மருத்துவச் சொற்களில் எழுதியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை. இடுக்கி என் மேலங்கிப் பையிலேயே இருந்தது. கிள்ளினால் எனக்கு உறுதியாகத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் சொல்ல வேண்டியிருக்கும். அதனால்தான் கிள்ளவில்லை.

நான் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றபோதே மேலாளர் வந்துவிட்டார். தகடு செய்த நிறுவனத்திலிருந்து அன்று ஆட்கள் வருவதாக இருந்ததால் வழக்கத்தைவிட முன்னதாக வந்திருந்தார். நனைந்த ஆட்டையும் சொம்பையும் பார்த்தார். "இது என்ன டாக்டர், லேபா கோயிலா?" என்று என்னிடம் கேட்டார். "இது நடக்கறது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க சார்" என்றேன்.

"நீங்களும் அந்த மலைதானே?"

"படிக்கப் போனதிலிருந்து நான் வெளியில்தான் சார். இந்தப் பழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது."

சடையண்ணன் இரண்டடி தூரத்தில் சொம்போடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்க்கவில்லை. மேலாளரைப் பார்த்து, "டாக்டருக்குத் தெரியாதுங்க. நாந்தான் செஞ்சது" என்றார். அன்று மதியமே அவர் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். என் பேண்டில் தெறித்திருந்த மஞ்சளை மேலாளர் கவனித்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கவனித்திருந்தால், என்னைப் போலவே அவரும் பேசாமல் இருந்திருக்கிறார்.

ஏழாம் எண் ஆட்டுக்கு நானே ஊசி போட்டேன். எலும்பும் திருகும் சேர்ந்த துண்டை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும் என்று ஆய்வுத் திட்டத்தில் இருந்தது. தண்டுவடத்தைப் பற்றி அதில் எதுவும் இல்லை. அதை வெட்டிப் பார்க்க எனக்குத் தடையும் இல்லை. அது கழிவுத் தொட்டிக்குப் போனது. எட்டு விலங்குகள், பாதகமான விளைவு எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். என் சொந்த நோட்டில் மட்டும் ஒரு வரி எழுதிவைத்தேன்: "ஏழு. பின்பாதி சிலிர்க்கவில்லை. மூன்று முறை." யாரும் படிக்காத இடத்தில் நேர்மையாக இருப்பது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது.

அந்தத் தகடு பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. கைவிட்டிருக்கலாம். வேறு பெயரில் விற்றுக்கொண்டும் இருக்கலாம். விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும், நான் விசாரிக்கவில்லை. ஆனால் முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் யாரைப் பார்த்தாலும் என்னால் சும்மா இருக்க முடியாது. ஒருமுறை நாமக்கல் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் முதுகில் தகடு வைத்திருப்பதாகச் சொன்னார். எந்தத் தகடு, எந்த ஊரில் செய்தது என்று கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும், இரும்புன்னாங்க. நீங்க பழைய இரும்பு வாங்கறவருங்களா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். இறங்கும்போது படியில் அவர் கால் இழுக்கிறதா என்று பார்த்தேன். கூட்டத்தில் தெரியவில்லை.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. "சடைப் பெரியப்பா ஏன்ப்பா வரல?" என்று கேட்டாய். ஊரில் காடு கழனியைப் பார்க்க ஆள் இல்லை, போய்விட்டார் என்றேன். இரண்டாம் தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன். அதே வருஷம்தான் உன் பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. ஐந்து தொட்டிகளில் அவரை விதை போட்டாய். நான்கு வளர்ந்தன, ஐந்தாவது செத்துவிட்டது. அந்தத் தொட்டியை எடுத்துவிடு, அது கணக்கில் வராது என்றேன். "செத்ததும் கணக்குதானேப்பா?" என்றாய். உன்னிடம் நான் கத்தியது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அன்று உனக்குப் புரிந்திருக்காது. நீ அந்தத் தொட்டியையும் தூக்கிக்கொண்டு போனாய். ஓர் அட்டையில் "ஐந்தாவது செடி செத்துவிட்டது. காரணம் தெரியவில்லை" என்று எழுதி அதன் முன்னால் சாய்த்துவைத்தாய். பரிசு கிடைக்கவில்லை. செத்த செடியை யார் கொண்டுவரச் சொன்னது என்று உன் ஆசிரியை கேட்டதாக வந்து சொன்னாய். நான் "பாத்தியா?" என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. மற்ற எல்லாவற்றையும்விட அந்த நிம்மதியை நினைத்துத்தான் எனக்கு அதிகமாகக் கூசுகிறது.

இனி இரண்டும் மூன்றும். உன்னைவிட நான் இதில் அறிந்தவன் என்று நினைத்துச் சொல்லவில்லை. தவறு எந்த வழியாக உள்ளே வரும் என்பது மட்டும் எனக்குத் தெரியும். படிவத்தில் வெறும் கட்டங்கள் வேண்டாம். நடக்கிறதா என்று கேட்காதே, எப்படி நடக்கிறது என்று கேட்டு இரண்டு வரி இடம் விடு. நகத்தின் நுனியை வாரம் ஒருமுறை பார்க்கச் சொல். முதுகில் எதைப் பொருத்தினாலும், ஆய்வின் நடுவிலும் கடைசி நாளுக்கு முன்பும் இடுக்கியால் கிள்ளிப் பார்த்து, சிலிர்ப்பு எதுவரை வருகிறது என்று எழுதச் சொல். கொட்டகைக்காரர் சொல்வதை அவருடைய வார்த்தைகளிலேயே எழுத வேண்டும். எழுதியதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். மருத்துவருக்கு உடன்பாடில்லை என்றால் கீழே தன் கருத்தை எழுதட்டும், மேலே இருப்பதை அடிக்கும் அதிகாரம் அவருக்கு இருக்கக்கூடாது. "பாதி ஆடுதான் சரீங்குது" என்ற வரி அந்த அறிக்கையில் இருந்திருந்தால், படித்தவன் ஒருவனாவது அது என்ன என்று கேட்டிருப்பான்.

மஞ்சள் தண்ணீரைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அனுமதிக்கலாமா கூடாதா என்று எனக்கு இன்னும் முடிவாகத் தெரியவில்லை. உன் நிலையத்தில் அதை நீ தீர்மானித்துக்கொள்.

உன் தாள் வந்த நான்காம் நாள் சடையண்ணனைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்று மலைக்கு வந்த புதிதில் ஒருமுறை அவரைச் சோளக்காட்டுச் சந்தையில் பார்த்தேன். பலாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். "அந்த ஆடு அப்புறம் என்னாச்சுங்க?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணே, நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். அதன்பிறகு அவர் இருக்கும் பக்கம் போவதைத் தவிர்த்தேன். இந்த முறை போனபோது வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்து, காய்ந்த மிளகைக் காம்பிலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டாக்டரு, மேலுக்குச் சொகமுங்களா? இந்தப் பக்கம் உக்காருங்க. அந்தக் காது போயி ரண்டு வருசம் ஆச்சு" என்றார்.

கேட்கும் காதின் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ஒருமுறை, "ஏழாம் நம்பருதானுங்களே?" என்று மட்டும் கேட்டார். கை நிற்கவில்லை; மிளகு உதிர்ந்துகொண்டே இருந்தது. நான் முடித்ததும், "சோளக்காட்டுல கேட்டப்பவே பொய்யின்னு தெரியுமுங்க" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"பலாப்பழத்தப் பாத்துட்டே சொன்னீங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்திருக்கறன்."

"தெரிஞ்சும் ஏண்ணே ஒண்ணும் கேக்கல?"

"பயந்த ஆட்ட வெரட்டப்படாதுங்க, பாறையில ஏறிக்கும். தானா வாரப்ப வரட்டும்னு உட்டுட்டன்." ஒரு கைப்பிடி மிளகை அள்ளி முறத்தில் போட்டார். "இத்தன வருசம் ஆவும்னு நெனைக்கலீங்க."

வேலை போனதைப் பற்றி மன்னிப்புக் கேட்டேன். "வேல போச்சு, அதுக்கென்ன. காட்டுல வேல இல்லாமயா இருந்தன்? அந்த ஆடு சரீன்னு சொல்லல. சொல்லாத ஆட்ட முடிச்சுப்புட்டீங்க, அதான்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை. உன் நிலையத்தைப் பற்றிச் சொன்னேன். "பாப்பா எடத்துல தண்ணி ஊத்துவாங்களா?" என்று விசாரித்தார். தெரியவில்லை என்றேன். "ஊத்தாட்டிப் போவுது. யாராச்சும் நின்னு பாத்தாச் செரி" என்றார். கிளம்பும்போது உனக்கென்று ஒரு பொட்டலம் மிளகு கொடுத்தார். அதையும் இந்தக் கடிதத்தையும் என் பழைய நோட்டையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். இப்போதுதான் தேடிப் பார்த்தேன்; அந்தத் தகட்டைச் செய்த நிறுவனம் இன்னும் இருக்கிறது, பெயர் மாறியிருக்கிறது. அவர்களுக்கும் நோட்டின் அந்தப் பக்கத்தைப் படியெடுத்து ஒரு கடிதம் எழுதிவிட்டேன். நீ படித்துவிட்டு வேண்டாம் என்று சொன்னால் நான் கேட்டுவிடுவேன் என்று பயமாக இருக்கிறது. அதனால் இரண்டையும் ஒரே நாளில் தபாலில் சேர்க்கப் போகிறேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டு மேலிருந்து ஒருமுறை படித்துப் பார்த்தேன். முதலாவதில் ஒன்று தவறு. பெயரை எடுக்கச் சொன்னது சரி. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னேனே, அது தவறு. கூடத்தில் நாங்கள் செய்வது போல அந்த வரியின் மேல் ஒற்றைக் கோடு மட்டும் போட்டிருக்கிறேன். கீழே இருப்பதைப் படிக்க முடியும். பக்கத்தில் என் சிறு கையொப்பமும் தேதியும் இருக்கின்றன. என் பெயரை நம்பி வந்தவர்கள் காரணம் கேட்டால், கேட்காவிட்டாலும்கூட, நடந்ததைச் சொல்லிவிடு. அவர்கள் போய்விடலாம். போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அது உன் முதல் வேலை, அதை நான் கெடுக்கிறேன் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆனால் என் உடம்புக்கு ஒன்றும் இல்லை, கண்ணு. சடையண்ணன் ஊர் வரைக்கும் நடந்தே போய், நடந்தே திரும்பினேன்.

அப்பா